பணிஸின் வெள்ளிக்கிழமைகள்

பணிஸுக்குப் பசி வந்துவிட்டால் வீட்டில் ஒருவரும் தூங்கக்கூடாது. அந்தப் பசியும் விடிகாலை மூன்றரைக்குத்தான் வரும்.

முதலில் கட்டிலில் ஏறி யுகேஷின் மூக்கை முன்காலால் மெதுவாகத் தொடும். நகத்தை நீட்டாது, அந்த மரியாதை உண்டு. பலனில்லை என்றால் அலுமாரி மேல் தாவி, அங்கே இருப்பவற்றை ஒவ்வொன்றாக விளிம்புக்குத் தள்ளும். சீப்பு விழும். பவுடர் டின் விழும். ஒவ்வொன்றும் விழுந்த பிறகு கட்டிலை எட்டிப் பார்த்துக்கொள்ளும். அதற்கும் ஆள் அசையாவிட்டால் காதருகே வந்து உட்கார்ந்து, கட்டைக் குரலில் ஒரே மூச்சாகக் கத்தத் தொடங்கும். யுகேஷ் எழுந்து போய்த் தட்டில் எதையாவது போடும்வரை அது ஓயாது.

பேக்கரிக்கு பணிஸ் வாங்கப் போன யுகேஷ், பணிஸை மறந்துவிட்டு, வாசலில் கிடந்த பணிஸ் நிறப் பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மூன்று வருடத்தில் உப்பி உருண்டு, உருவமும் பெயருக்குப் பொருத்தமாகிவிட்டது.

குண்டசாலையில் இரண்டு அறை வாடகை வீடு அது. யுகேஷ் கண்டி–ஹுன்னஸ்கிரிய பாதையில் தனியார் பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி பிரேமிளாவுக்குக் கண்டி டவுனில் போட்டோ கொப்பிக் கடையில் வேலை. பத்து வருடமாக அந்தக் கடை இயந்திரங்களின் வயிற்றுக்குள் கைவிட்டுச் சிக்கிய தாளை எடுப்பவள் என்பதால், எதைப் பார்த்தாலும் "இது எப்படி வேலை செய்யுது?" என்றுதான் அவள் புத்தி முதலில் கேட்கும்.

பணிஸ் விஷயத்திலும் அவள் கேட்டுப் பார்த்தாள். ஏன் யுகேஷின் மூக்கு, ஏன் தன் மூக்கு இல்லை? பதில் சுலபமாகக் கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும், யுகேஷ் முகம் கழுவும் முன்பே பணிஸுக்குத்தான் சாப்பாடு போடுவான். பூனையின் கணக்குப்படி, இந்த மனிதனின் கண் திறந்தால் சாப்பாடு வரும். அப்படியானால் அந்தக் கண் தானாகத் திறக்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? நாமே திறக்கலாமே. ஒரு நாள் திறந்து பார்த்தது, சாப்பாடு வந்தது. நாலேமுக்கால் நாலரையாகி, நாலாகி, மூன்றரையில் வந்து நின்றது. சத்தத்தை நிறுத்தச் சாப்பாடு போடுகிறோம் என்று யுகேஷ் நினைத்தான். உண்மையில் சத்தத்துக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் அவர்கள் சிரிப்பாகவே பேசி வந்தார்கள், ஒரு பின்னேரம் அஷ்பாக்கின் அழைப்பு வரும்வரை. அஷ்பாக் அதே பஸ்ஸின் கண்டக்டர்; பிரேமிளாவுக்கு 'நானா', அண்ணன் முறை.

"தங்கச்சி, மச்சான் பக்கத்துல ஈக்கானா?"

"இல்ல நானா, குளிக்கிறாரு. என்ன விசயம்?"

"நான் சொன்னேன்னு சொல்ல வாணாம். இன்னக்கி தெல்தெனிய ஹோல்ட்ல ஆள ஏத்திட்டு பெல் அடிச்சேன். பஸ் நகரல்ல. திரும்பவும் அடிச்சேன். முன்னுக்கு போய் பாத்தா, ஸ்டியரிங்ல தலய வெச்சி தூங்குறான். என்ஜின் ஓடிட்டே ஈக்கி."

பிரேமிளா குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆளுங்க பாக்கலியா?"

"பாக்காமயா? ட்ரைவர் பிரேக் செக் பண்றார்னு சொன்னேன். கண்ண மூடிட்டா செக் பண்றதுன்னு சாரி கட்டின ஒரு நோனா கேட்டா." அஷ்பாக் சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "நிக்கிற பஸ்ல தூங்கினதால சிரிக்கிறேன் தங்கச்சி. அதுக்கு மேல ரோட்டு எப்பிடீன்னு உங்களுக்கு தெரியும் தானே."

தெரியும். தெல்தெனியவைத் தாண்டினால் ஏற்றம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றும் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் ஒளிக்காமல் கேட்டாள். யுகேஷ் மறுக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:

"பணிஸ நிரோஷினி வீட்ல விட்டுருவோம்."

நிரோஷினி அவன் தங்கை. ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். வீட்டில் இரண்டு நாய்கள்.

"அந்த நாயிங்ககிட்டயா?"

"வேற என்ன செய்யிறது பிரேமி? அம்பது பேர ஏத்திட்டு போறேன்." சொல்லும்போதே அவன் இடக்கை மேசைக்குக் கீழே போயிருந்தது. அங்கிருந்து மீன் முள் கடிபடும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு வழி பாக்கிறேங்க. அதுவும் சரிவராட்டி கொண்டு போங்க."

அறைக் கதவைச் சாத்திப் பார்த்தாயிற்று. கதவின் அடிப்பலகையில் பணிஸ் ஒரு குழி தோண்டியிருந்தது. இரவில் கூடுதலாகப் போட்டும் பார்த்தாயிற்று. வயிறு பெருத்தது, நேரம் மாறவில்லை. பிரேமிளா யோசித்த வழி வேறு: சாப்பாட்டையும் மனிதக் கண்ணையும் பிரித்துவிடுவது. சாப்பாடு கொடுப்பது மனிதன் இல்லை, ஒரு பெட்டி என்று பூனைக்குத் தெரிந்துவிட்டால், பெட்டியின் மூக்கை எவ்வளவு வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளட்டும்.

கொழும்பிலிருந்து கூரியரில் அந்தப் பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. அவள் முதலில் செய்த வேலை மூடியைக் கழற்றி உள்ளே பார்த்ததுதான்.

மேலே பூனை பிஸ்கட் நிரப்பும் தொட்டி. அதன் அடியில், தண்ணீர்ச் சில்லு போல ஆறு அறைகள் கொண்ட ஒரு ரப்பர் சக்கரம். ஒவ்வோர் அறையிலும் ஒரு மேசைக்கரண்டி பிஸ்கட் பிடிக்கும். குறித்த நேரம் வந்ததும் சிறிய மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். ஓர் அறை சரிவுக்கு மேல் வந்ததும் அதிலுள்ளது வழுக்கிக்கொண்டு கீழே தட்டில் விழும். எத்தனை அறை கடந்தது என்று பக்கத்தில் ஒரு குட்டிச் சுவிட்ச் எண்ணிக்கொண்டே இருக்கும். கேட்ட எண்ணிக்கை வந்ததும் மோட்டார் நின்றுவிடும். சக்கரம் ரப்பரில் இருப்பதற்கும் காரணம் இருந்தது. பிஸ்கட் இடையில் மாட்டினால் ரப்பர் வளைந்து கொடுக்கும், சிக்காது. கடையில் தாளை ஒவ்வொன்றாக இழுக்கும் உருளையும் இதே சாதிதான். சுவர் பிளக்கில் செருகும் வயரோடு, கரண்ட் போனாலும் நேரம் தவறாமல் சுற்ற அடியில் மூன்று பற்றரியும் போட இடம் இருந்தது.

"இதுல நம்ம குரலயும் பதியலாம்" என்றாள் அவள். "பிஸ்கட் விழுறப்போ கூப்பிடும்."

அன்று பெட்டியைப் பார்க்கவென்றே வந்திருந்த அஷ்பாக், "தாங்க, தாங்க" என்று வாங்கி அதன் ஓட்டையில் வாயை வைத்தான். "தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய! ஏறுங்க, ஏறுங்க, உள்ளுக்கு போங்க, எடம் ஈக்கி!"

விடிந்தால் சனிக்கிழமை. மூன்றேகாலுக்கு அந்தக் குரல் இருட்டில் கிளம்பியபோது யுகேஷ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத கியரைத் தேடி பிரேமிளாவின் முழங்காலைப் பிடித்து முன்னால் தள்ளினான். காலையில் முதல் வேலையாக அவள் குரலை அழித்தாள்.

மூன்றேகால் என்று வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. பணிஸ் கத்தத் தொடங்குவது மூன்றரைக்கு. கத்திய பிறகு பிஸ்கட் விழுந்தால், கத்தியதால் விழுந்தது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். கத்துவதற்கு முன்பே விழுந்துவிட வேண்டும். கத்தாத பழக்கம் ஏற்பட்டதும், நாலு நாளைக்கு ஒரு தரம் கால் மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பூனைக்குச் சந்தேகம் வராத வேகம் அது. காலையில் மனிதக் கையால் எதுவும் கொடுக்கக்கூடாது என்பது யுகேஷுக்கு விதித்த சட்டம்.

நடந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று பணிஸ் சமையலறை மூலையில், பெட்டிக்கு முன்னால், கோயில் நடை திறக்கக் காத்திருப்பதுபோல உட்கார்ந்துவிட்டது. உள்ளே மோட்டார் ஒரு முறை உறுமும், தட்டில் சலசலவென்று விழும், கடிபடும், அவ்வளவுதான். யுகேஷ் ஐந்து மணி அலாரம்வரை ஒரே தூக்கம். புதன்கிழமை அவன் விசிலடித்துக்கொண்டு சவரம் செய்தான்.

வியாழன் பின்னேரம் வந்தது. அந்த வீட்டில் வியாழன் பின்னேரம் என்றால் கழுவும் நேரம். வெள்ளிக்கிழமை சமையலறையில் கவுச்சி இருக்கக்கூடாது. மீன் சட்டி, கருவாட்டு டின், முட்டைத் தட்டு எல்லாம் பின்கதவுக்கு வெளியே இருக்கும் ஸ்டோர் அறைக்குப் போய்விடும். தரையை மஞ்சள் தண்ணீரால் கழுவி, விளக்கைத் துலக்கி வைத்தால்தான் பிரேமிளாவுக்கு வெள்ளி பிறக்கும். கல்யாணமான நாளிலிருந்து செய்வது. யோசித்துச் செய்வதில்லை, கை செய்யும். பூனை பிஸ்கட்டின் பொதியில் பெரிய மீன் படம். பணிஸ் ஆறு மணிப் பங்கைத் தின்று முடித்ததும், கை அந்தப் பெட்டியையும் பிளக்கிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய், கருவாட்டு டின்னுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்டோரைப் பூட்டியது. வெள்ளி இரவு விளக்கு மலையேறியதும் அதே கை அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

அந்த வெள்ளி விடிகாலை பணிஸ் அலுமாரியிலிருந்து ஏழு சாமான்களைத் தள்ளியது.

"புதுப் பழக்கம்தானே, ஒரு நாள் சறுக்கும்" என்றாள் பிரேமிளா. அடுத்த ஆறு நாளும் பணிஸ் தங்கம். அடுத்த வெள்ளி திரும்பவும் மூக்கு, அலுமாரி, கத்தல். அவள் கலண்டரில் குறித்து வைத்தாள். மூன்றாவது வெள்ளியும் அப்படியே ஆனதும், வெள்ளிக்கிழமையில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பிழை இயந்திரத்துக்குள் இருக்கும் என்றே அவள் தேடினாள். போட்டோ கொப்பிக் கடைக்காரிக்கு அப்படித்தான் தோன்றும். சிறிய திரையில் ஏழு நாளும் வெளிச்சமாக இருந்தன. பற்றரி மூன்றும் புதிது. சக்கரம் சரியாகச் சுற்றியது. வியாழன் இரவில் கரண்ட் போகிறதா என்று பக்கத்து வீட்டில்கூடக் கேட்டாள். போகவில்லை.

அந்த மூன்றாவது வெள்ளி இரவு யுகேஷ் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு மேல போறப்போ ஒரு வளைவு வந்துச்சு" என்றான். "அதுக்கு முன்னுக்கு மூணு வளைவு இருக்கு. அந்த மூணயும் எப்படி திருப்பினேன்னு நெனப்பே இல்ல பிரேமி. கை திருப்பியிருக்கு. நான் இல்ல."

ஒரே ஒரு வழி என்றுதான் அவள் கேட்டிருந்தாள். அதற்கு அவன் மூன்று வாரம் கொடுத்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழம கொண்டு போய் விட்டுட்டு வாறேன். நிரோஷினிகிட்ட சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை அவன் வேலைக்குப் போன பிறகு, பணிஸைக் கொண்டுபோகக் கூடை தேடிப் பிரேமிளா ஸ்டோரைத் திறந்தாள். மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்று மேல் தட்டில் இருந்தது. அதை இழுக்கக் கையை நீட்டியவள், கீழ்த் தட்டில் ஓர் எறும்புச் சாரையைக் கண்டாள். கருவாட்டு டின்னுக்குத்தான் போகிறது என்று நினைத்தாள். டின்னுக்குப் போகவில்லை. அதற்குப் பக்கத்தில், வெறும் பலகையில், ஏழெட்டுப் பூனை பிஸ்கட் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் நாலு எறும்பு தூக்கிக்கொண்டிருந்தது.

பிஸ்கட் இங்கே எப்படி?

அவள் கூடையை விட்டுவிட்டு, ஒரு சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். விடை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, சிக்கிய தாளின் நுனி கைக்குக் கிடைத்ததும் மற்றது தானாக வருவதுபோல. வயரைப் பிடுங்கினாலும் பற்றரி இருக்கிறது. பற்றரி இருந்தால் இயந்திரம் நேரம் தவறாது. மூன்று வெள்ளியும் அது ஒரு நிமிடமும் பிசகாமல், பூட்டிய இருட்டறையில், யாருமில்லாத இடத்தில் பிஸ்கட் போட்டிருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கும் ஒரு தரம் போடும். காலையில் விழுந்ததன் மேலேயே அதுவும் விழுந்து, தட்டு நிரம்பிச் சிதறியிருக்கிறது. வெள்ளி இரவு தட்டில் இருந்ததை அவள் பின்னேரப் பங்கு என்று நினைத்துத் தூக்கி வந்தாள்.

அதற்கும் மேலே ஒன்று. ஸ்டோருக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பணிஸுக்கு மோட்டார் உறுமியது கேட்டிருக்கும். சலசலவென்று விழுந்தது கேட்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் முதலில் பின்கதவைப் பிறாண்டும் சத்தம் அரைத் தூக்கத்தில் அவள் காதில் விழுந்தது இப்போது ஞாபகம் வந்தது. வெளியே போகக் கேட்கிறது என்று எண்ணிப் புரண்டு படுத்திருந்தாள். பூனை பழைய குணத்துக்குத் திரும்பவில்லை. சாப்பாடு விழுந்துவிட்டது, கதவு பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இருக்கிறது என்று வந்து முறையிட்டிருக்கிறது. வேறு எப்படித்தான் சொல்லும்?

"அட பாவி" என்றாள் பிரேமிளா, தன்னைத்தான்.

யுகேஷ் வந்ததும் அவனை ஸ்டோருக்கு இழுத்துப்போய் எறும்பைக் காட்டினாள். அவன் டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தான்.

"அப்ப எல்லாத்துக்கும் காரணம் நீ தான்."

"நான் தான்."

"பணிஸ நாடு கடத்தப் போனோமே, நீதி நியாயமே இல்லாம."

"சிரிக்காதீங்க. பொட்டிய முன் விறாந்தைல வைக்கிறேன். கிரில் இருக்கு, மத்தப் பூன வராது. ஹால் யன்னல் ஒரு கதவ தொறந்து விட்டா பணிஸ் போய் வரலாம். வெள்ளியோ சனியோ, அந்த எடத்த விட்டு அசைக்க மாட்டேன்."

"வெள்ளிக்கெழம சாமிக்கு?"

"சமையலறைல இல்ல, சாமி தட்டுக்கிட்டயும் இல்ல. வெளிய." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "வெரதம் நம்ம ரெண்டு பேரும் தானே எடுத்தோம். அவன்கிட்ட யாரு கேட்டா?"

யுகேஷ் டோர்ச்சை அணைத்தான். சிரிப்பும் அணைந்தது. "காரணம் தெரிஞ்சது சந்தோசம். ஆனா வர்ற வெள்ளியும் எனக்கு தூக்கம் போச்சுன்னா? சரியா வரும்னு நீ போன தடவயும் சொன்ன."

அதற்கும் அவள் யோசித்திருந்தாள். "வியாழன் ராத்திரி நான் ஹால்ல படுக்கிறேன். பணிஸ் வாயத் தொறந்தா, ரெண்டாவது சத்தத்துக்கு முன்ன தூக்கிட்டு ரோட்டுக்கே போயிர்றேன். உங்களுக்கு கேக்காது. ஆனா ஒரு தடவ அப்பிடி தூக்க வேண்டி வந்திச்சுன்னா, ஞாயித்துக்கெழம நீங்க போக வேணாம். நானே கொண்டு போய் விடறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "சரி" என்றான்.

புது இடத்தைப் பணிஸ் சனி இரவே கண்டுபிடித்துவிட்டது. பிஸ்கட் தொட்டி போகும் இடத்துக்கு அதன் மூக்கும் போகும். ஞாயிறு முதல் புதன்வரை ஒரு சத்தமும் இல்லை. வியாழன் பின்னேரம் பிரேமிளா வழமைபோல் கழுவினாள். கருவாட்டு டின் போயிற்று, மீன் சட்டி போயிற்று. பெட்டி விறாந்தையில் இருந்தது. அவளுடைய கை இரண்டு தரம் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

இரவு ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை, வரவிடவும் இல்லை. மூன்றரைக்குப் பணிஸ் கதிரையிலிருந்து குதித்தது. பிரேமிளா போர்வையை விலக்கினாள். அது நேரே அறைக் கதவுக்குப் போனது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது, உள்ளே யுகேஷின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. பணிஸ் ஒரு முன்காலை உள்ளே வைத்தது. அவள் முழங்கையில் எழும்பினாள். கை நீட்டினால் வால் எட்டும்.

பணிஸ் அப்படியே நின்றது. உள்ளே வைத்த காலை எடுத்தது. அங்கேயே உட்கார்ந்து அதை நக்கியது. பிறகு திரும்பி, அவளுடைய வயிற்றின் மேலாக நடந்து, யன்னலால் ஏறி விறாந்தைக்குப் போய், பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டது.

நாலு நாளுக்கொரு தரம் தள்ளித் தள்ளிப் பெட்டியின் நேரம் இப்போது நாலரை; அதுவரை இன்னும் ஒரு மணித்தியாலம். பூனையும் அவளுமாகக் காத்திருந்தார்கள், அது விறாந்தையில், இவள் பாயில். தூரத்தில் எங்கோ ஒரு லொறி மலையேறும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அவளுடைய காது முழுக்க அந்தப் பெட்டியிடம் இருந்தது. சக்கரம் சிக்கிவிட்டால்? பிஸ்கட் ஈரம் பிடித்து ஊறியிருந்தால்? பத்து வருடத்தில் எந்த இயந்திரத்தையும் அவள் இப்படிக் கெஞ்சியதில்லை.

மோட்டார் உறுமியது. ஓர் அறை, இரண்டு அறை, மூன்று. தட்டில் சலசலப்பு. உடனே கடிபடும் சத்தம், அவசரம் அவசரமாக, நாலு வாய்க்கு ஒரு தும்மலோடு.

அறைக்குள் குறட்டை நிற்கவில்லை.

பிரேமிளா தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பணிஸ் மீன் வாசத்தோடு வந்து அவள் காலடியில் சுருண்டு, கணத்தில் தூங்கிப்போனது. ஐந்து மணிக்கு அலாரம் அடித்து, யுகேஷ் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்து, ஹால் லைட்டைப் போட்டான்.

"என்ன, தூக்கினியா?"

"இல்ல."

"ஒரு சத்தமும்?"

"குறட்ட மட்டும். அது பணிஸ் இல்ல."

அவன் குனிந்து பூனையின் தலையைத் தடவினான். பணிஸ் கண்ணைத் திறக்கவில்லை. இந்த மனிதனின் கண் திறந்ததில் அதற்கு இப்போது ஒரு காரியமும் இல்லை.

பத்தரை மணிக்கு, கடையில் ஒரு சட்டத்தரணியின் வழக்குக் கடதாசிகளை அவள் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது அஷ்பாக் அழைத்தான். பின்னால் பஸ்ஸின் இரைச்சல் இல்லை, ஹுன்னஸ்கிரியவில் நிற்கிறார்கள். அவள் பயந்துகொண்டே எடுத்தாள்.

"தங்கச்சி, இன்னக்கி இவன் நல்லா தூங்கினானா?"

"ஓம் நானா. ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? வழி பூரா பாடிட்டே வந்தான். தெல்தெனியல தொடங்கினவன் மேல வந்துதான் வாய மூடினான். பாதிப் பாட்டுக்கு சொல்லே இல்ல, நானானா தான். சனங்க ரேடியோவ போட சொல்லி எனக்கு ஏசுது. உங்களுக்கு புண்ணியமா போகும், அந்தப் பூனய கொஞ்சம் எழுப்ப சொல்லுங்க."

அவள் சிரித்த சிரிப்பில் சட்டத்தரணி கடதாசியிலிருந்து தலையைத் தூக்கினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இயந்திரம் தாள்களைத் துப்பி முடிக்கும் இடைவெளியில், நிரோஷினிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: பணிஸ் வரவில்லை, இங்கேயே இருக்கிறான், நாய்களைக் கட்டிப்போட வேண்டாம்.

பதில் உடனே வந்தது.

"சரி அண்ணி. ஆனா நாயிங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க. ரெண்டும் ஒரு வாரமா ஆசையா பாத்துக்கிட்டு இருக்குதுங்க."